கையை எடுங்கோ, சாமி

குறிகட்டுவான் துறையிலே நயினாதீவு போகிற லோஞ்சுப் படகுக்குக் காத்து நின்ற சனத்தைவிட, துறைக்கு இப்பால் ஒரு கிடுகுக் கொட்டிலின் முன்னால் காத்து நின்ற சனம் அந்த வருசம் அதிகம். அம்மனைக் கும்பிடப் போகிற வழியில் அரிசிச் சாமியையும் பார்த்துவிட்டுப் போவோம் என்றுதான் முதலில் வந்தார்கள். நாலு மாதத்தில் அது தலைகீழாகிவிட்டது. அரிசிச் சாமியைப் பார்க்க வந்த இடத்தில், நேரம் இருந்தால் அம்மனையும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அம்மன் இதைப் பற்றி என்ன நினைத்தாள் என்று தெரியாது. அவளுக்கு அரிசியில் எழுதும் பழக்கம் இல்லை.

சாமியிடம் வந்ததெல்லாம் பிள்ளைகள். ஆறு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பிப் பாராத பிள்ளை, ஓரிடத்தில் இருக்க மாட்டாத பிள்ளை, ஏழு வருசம் படித்தும் 'ஆ'னாவைத் தாண்டாத பிள்ளை. தாய் தகப்பன் முன்னால் இருக்க, சாமி ஒரு தாம்பாளத்தில் பச்சை அரிசியைப் பரப்புவார். பிள்ளையின் சுட்டுவிரலைத் தன் கைக்குள் பிடிப்பார். கண்ணை அரைவாசி மூடுவார். விரல் அரிசியிலே ஓடும். பிள்ளையின் மனதில் இத்தனை காலமும் கிடந்ததெல்லாம் எழுத்தாக வந்து கொட்டும்.

விசயதசமிக்கு ஏடு தொடக்கும்போது பெரியவர் ஒருவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிப்பது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்தான். ஆனால் அந்த 'அ'வைப் பிள்ளையே எழுதியது என்று எந்தப் பெரியவரும் இதுவரை சொன்னதில்லை. சாமி சொன்னார். வித்தியாசம் அவ்வளவுதான். அதற்குத்தான் இவ்வளவு சனம்.

எழுவைதீவிலிருந்து வந்த நாலு வயதுப் பெடியன் ஒருவன், "அன்னையே, பூர்வஜென்ம வினையால் யான் மௌனம் பூண்டேன்" என்று எழுதினான். அவனுடைய தமையன் ஐந்தாம் வகுப்பில் 'யான்' என்றால் யார் என்று தெரியாமல் குட்டு வாங்கிக்கொண்டிருந்தான். சறோஜினிதேவி என்கிற புங்குடுதீவுப் பெண்மணியின் மகன், கண்டவரையெல்லாம் கடிக்கிற பத்து வயதுக்காரன், தான் போன பிறவியில் ஓர் அரசனுக்கு மந்திரியாக இருந்ததாக எழுதினான். அந்த அரசன் யாரோ, பாவம், எத்தனை கடி வாங்கினானோ.

எல்லாப் பிள்ளைகளின் எழுத்தும் ஒரே மாதிரி, உருண்டு திரண்டு, சுழி சுழியாய் அழகாக இருந்தது. தெய்வத்தின் கையெழுத்து ஒன்றாகத்தானே இருக்கும் என்றார்கள். எல்லாப் பிள்ளைகளும் நெய் கேட்டன. கற்கண்டு கேட்டன. ஜேர்மனியிலிருந்து மாமன் அனுப்பிய கம்பளிப் போர்வையைக் குருவுக்குக் கொடுக்கும்படி ஒரு பிள்ளை கேட்டது. பிள்ளை இப்படி ஆனது யாருடைய குற்றம் என்று கேட்டால், அரிசிக்கு எப்போதும் தாயின் குற்றம்தான் தெரியும். கர்ப்பத்தில் பாம்பைப் பார்த்தாள், வெள்ளிக்கிழமை தலை முழுகவில்லை, புளியமரத்தைக் கடந்தாள். தகப்பன்மார் அரிசியை அதிகம் நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்தியபாமாவும் நம்பினாள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அவள் மடத்துவெளிக்காரி. புருசன் செல்வரத்தினம் மாத்தறையில் இருபது வருசம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றில் கடை எரிந்தது. எரிகிற கடைக்குள் ஓடி, புகை இருட்டுக்குள்ளே நகைப்பெட்டி என்று ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், காங்கேசன்துறைக்கு வந்த அகதிக் கப்பலில் வைத்துத்தான் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே பழைய தராசுப் படிக்கற்கள். கிலோக்கணக்கு வந்த பிறகு யாருக்கும் உதவாத இறாத்தல் படிகள், பித்தளையில், பெரிதிலிருந்து சிறிதாக ஏழு. மனிதர் கப்பலில் வாய்விட்டுச் சிரித்தார். சத்தியபாமாவுக்கு அவர் அழுதிருந்தால் பயமில்லாமல் இருந்திருக்கும்.

அந்தப் படிகளால் ஒருத்திக்குப் பிரயோசனம் வந்தது. மகள் நாகபூசணி. இப்போது ஏழு வயது. நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்து பிறந்ததால் அந்தப் பெயர். பேச்சு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காற்றைக் கூப்பிட்டது போல இருப்பாள். ஆனால் அந்த ஏழு படிகளையும் பெரிதிலிருந்து சிறிதாக ஒரு நேர்கோட்டில் அடுக்குவாள். அடுக்கி முடித்தால் இரண்டு கையையும் உதறி உதறிச் சந்தோசப்படுவாள். ஒன்று குறைந்தால் வீடு அதிரக் கத்துவாள். தண்ணீர் வேண்டுமென்றால் வந்து தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின் மேல் வைப்பாள். கதவு திறக்க வேண்டுமென்றால் அதே கையைக் கொண்டுபோய்க் கொழுக்கியில் வைப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். கையைத்தான் பிடிப்பாள். சத்தியபாமாவின் வலது கை அரைவாசி மகளுக்குச் சொந்தம்.

ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்கு மாதத்தில் ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து இராசமணி ரீச்சர் வருவார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறவர். நாகபூசணியை அரை நாள் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

"இது சாபமும் இல்லை, செய்வினையும் இல்லை, உம்மட பிழையும் இல்லை," என்றார். "மூளை வேற விதமா வேலை செய்யுது. அவ்வளவுதான்."

"கதைப்பாளோ ரீச்சர்?"

"அதைச் சொல்ல ஏலாது. கதைச்சாலும் கதைப்பாள், கதைக்காமலும் விடுவாள். ஆனா தனக்கு வேண்டியதை ஆருக்கும் விளங்கிற மாதிரிக் காட்டப் பழக்கலாம். மெல்ல மெல்லத்தான் வரும்."

ரீச்சர் உறுதி கொடுக்கவில்லை. துறையடிச் சாமி கொடுத்தார். சனம் எந்தப் பக்கம் போகும் என்று கேட்கவும் வேண்டுமா?

செல்வரத்தினம்தான் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கு முதல்நாள் நயினாதீவுக்குப் போய்வந்த லோஞ்சில், வெற்றிலைப் பையோடு பக்கத்தில் இருந்த ஒரு மனிதர் சத்தியபாமாவிடம், "பிள்ளைக்கு என்ன தங்கச்சி?" என்று அன்பாகக் கேட்டிருந்தார். கேட்க ஆளில்லாமல் இருந்தவளுக்கு அது போதுமாக இருந்தது. கடை எரிந்தது, கப்பலில் வந்தது, நகைப்பெட்டிக்குப் பதில் படிப்பெட்டி வந்தது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

மறுநாள் சாமி நாகபூசணியின் விரலைப் பிடித்தார். அரிசியில் 'அம்மா' என்று வந்தது.

ஏழு வருசம் காத்திருந்த சொல். சத்தியபாமா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள். பிறகு 'அப்பா' என்று வந்தது. "தீயில் தாங்கள் தூக்கியது பித்தளை அல்ல, என் பாக்கியம்" என்று வந்தது. எரிந்த கடைக்கு அழாத செல்வரத்தினம், கப்பலில் சிரித்த செல்வரத்தினம், கொட்டிலின் சாணி மெழுகிய நிலத்தில் விழுந்து குழந்தை மாதிரி அழுதார். பெட்டிக் கதை சாமிக்கு எப்படித் தெரியும் என்று கூட இருந்த சனம் மலைத்தது. அன்றைக்கு அவளும் மலைத்தாள்.

இரண்டாம் முறை போனபோது சத்தியபாமா அழவில்லை. அழாத கண்ணுக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும்.

சாமி விரலைப் பிடித்து எழுதுவித்துக்கொண்டிருந்தார். "எனக்குப் பாயாசத்தில் ஆசை" என்று வந்தது. பாயாசம்! பிட்டும் வாழைப்பழமும் தவிர எதுவும் நாக்கில் பட்டால் ஓங்காளிக்கிற பிள்ளை. சரி, மனதுக்குள் ஆசை இருந்திருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் கூரையில் காற்றுக்கு ஆடுகிற கிடுகு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் தன் பாட்டில் அரிசியில் ஓடியது. எழுதுகிறவள் எழுத்தைப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர், அரைக்கண் மூடிய சாமி.

பிறகு கையைப் பார்த்தாள். சாமியின் பெருவிரல் பிள்ளையின் விரல் மூட்டு மொளியை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்திய இடம் வெளுத்துப் போயிருந்தது.

அந்தப் பெருவிரலை அவளுக்குத் தெரியும். இருபது வருசமாகத் தெரியும். மாத்தறைக் கடையில் செத்தல் மிளகாய் நிறுக்கும்போது தராசுத் தட்டின் ஓரத்தில் பட்டும் படாமலும் வந்து உட்காருகிற பெருவிரல். செல்வரத்தினத்தின் பெருவிரல். ஊரெல்லாம் நல்ல முதலாளி என்று பெயர் எடுத்தவர்தான்; அந்த விரல் மட்டும் கொஞ்சம் கெட்டது. மீன் விற்கிற சிங்களக் கிழவி ஒருத்திதான் அவருக்குச் சரியான ஆள். ஒவ்வொரு முறையும் தராசு தூக்க முதலே சொல்லிவிடுவாள், "முதலாளி, கையை எடுங்கோ."

அன்றைக்கு அரிசி கடைசியாக எழுதியதுதான் பெரிய விசயம். "பள்ளி வேண்டாம். குருவடி போதும். விசயதசமி முதல் ஒரு மண்டலம் இங்கேயே தங்குவேன்." இராசமணி ரீச்சரின் கடிதம் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. நவராத்திரி விடுமுறை முடிந்த மறுநாள் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லியும், வராவிட்டால் இடம் காத்திருக்கிற இன்னொரு பிள்ளைக்குப் போகும் என்றும் எழுதியிருந்தார். கடிதக் கதையை அவள் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. லோஞ்சில் மறுபடி சந்தித்த அந்த வெற்றிலைப் பை மனிதரிடம் சொன்னதைத் தவிர.

பிள்ளையைக் கழுவக் கொட்டிலின் பின்பக்கம் கிணற்றடிக்குப் போனாள். அங்கே அதே வெற்றிலைப் பை மனிதர், சாமியின் தோய்த்த காவியைக் கொடியில் விரித்துக்கொண்டு நின்றார்.

"அரியநாயகம்! தண்ணி சுட்டாச்சோ?" என்று உள்ளேயிருந்து சாமியின் குரல் கேட்டது.

அரியநாயகம் அவளைக் காணவில்லை. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பி வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் புருசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். செல்வரத்தினம் கதிரையை விட்டு எழும்பினார்.

"உமக்கு விசர். பிள்ளை என்னை அப்பா எண்டு எழுதினவள். என்ர கண்ணால பாத்தனான்."

"இஞ்சாருங்கோ, எழுதினது ஆர்? பிள்ளை முகட்டைப் பாத்துக்கொண்டு இருந்தவள்."

"ஞானக்கண்ணால எழுதுது எண்டு சாமி சொன்னவர்."

"அப்ப சாமியின்ர விரல் ஏன் அமத்திறது? நீங்கள் மிளகாய் நிறுக்கேக்க வைச்ச மாதிரி..."

செல்வரத்தினத்துக்கு முகம் கறுத்தது. தராசைப் பற்றி அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கு அன்றுவரை தெரியாது.

"கடைக்கதையை இதுக்குள்ள இழுக்காதையும்," என்றார். குரல் இறங்கிவிட்டது. "ஏழு வருசம் இந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பாத்ததில்லை சத்தியபாமா. உம்மட கையை எண்டாலும் பிடிக்கிறாள். என்ர கையைத் தொட்டதே இல்லை. அரிசியில எண்டாலும் அப்பா எண்டு வந்திது. அதையும் பறிக்கப் போறீரோ? விசயதசமிக்கு நான் பிள்ளையைக் கொண்டுபோய் விடத்தான் போறன்."

இருபது வருசம் பெருவிரல் வைத்தே பிழைத்த மனிதர் இன்னொருவருடைய பெருவிரலில் ஏமாந்து போனார் என்று சிரிக்கலாம். ஊர் சிரிக்கும். சத்தியபாமாவால் சிரிக்க முடியவில்லை. அரிசியில் வந்த 'அம்மா'வை அவள் மட்டும் என்ன, சந்தோசமாகவா விட்டுக்கொடுத்தாள்?

விசயதசமிக்கு முதல்நாள் லோஞ்சில் ஏறினாள். நயினாதீவில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. அரியநாயகம் வழக்கமான மூலையில், வழக்கமான அன்போடு இருந்தார்.

"அண்ணை, உங்களுக்கு மட்டும் ஒண்டு சொல்றன்," என்றாள். "என்ர மனசு இன்னும் ஊசலாடுது. நாளைக்குப் பிள்ளையின்ர கையில செத்துப்போன என்ர மாமியின்ர தோட்டைக் குடுத்துவிடப் போறன். சாமி கண்ணைக் கட்டிக்கொண்டு, பிள்ளையின்ர கையில என்ன இருக்குதெண்டு எழுதுவிச்சாரெண்டா, பிறகு நான் மறுகதை கதைக்க மாட்டன். பிள்ளையை அங்கேயே விட்டிடுவன். சாமியின்ர காதில மட்டும் போட்டிடாதேங்கோ."

"சீச்சீ, நான் ஏன் தங்கச்சி போடுறன்?" என்றார் அரியநாயகம். "எனக்குச் சாமியைத் தெரியவும் தெரியாது."

விசயதசமி அன்று கொட்டிலில் கால் வைக்க இடமில்லை. ஊமைப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கல் என்று சாமி அறிவித்திருந்தார். வாழை கட்டி, மாவிலை கட்டி, பெரிய தாம்பாளத்தில் அரிசி குவித்திருந்தது. நடுவில் சாமி இருக்க ஒரு வாங்கு, நீளமான மரப் பெஞ்சு; தாம்பாளமும் அதன் மேல்தான். முன்வரிசையில் சறோஜினிதேவி, பக்கத்தில் அவளுடைய மந்திரி. நயினாதீவுக்குச் சாமான் ஏற்றுகிற வள்ளக்காரர் நடராசாவும் கரையில் வேலையில்லாததால் வந்து வாசலில் நின்றார்.

செல்வரத்தினம் பிள்ளையின் உடுப்புகளை ஒரு பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். சத்தியபாமா படிப்பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். பிள்ளை கத்தாமல் இருக்க வேண்டுமே என்று சொன்னாள். நாகபூசணி வாங்கின் ஒரு கரையில் படிகளை அடுக்கத் தொடங்கினாள். தாய் ஒரு படியை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டாள். ஒரு இறாத்தல் படி. வரிசையின் நடுவில் ஒரு பல் விழுந்த இடம் தெரிந்தது. பிள்ளை அந்த இடத்தைத் தடவித் தடவி முனகினாள்.

சத்தியபாமா எழும்பினாள். ஆயிரம் கண் பார்க்கிற இடத்தில் அவள் வாழ்நாளில் வாய் திறந்ததில்லை.

"சாமி, எழுதிறது பிள்ளைதானே?"

"ஐயமென்ன தாயே? யாம் வெறும் தாங்குகோல்."

"அப்ப சாமியின்ர கண்ணுக்கு அங்க வேலையில்லை. கண்ணைக் கட்டிப்போட்டு எழுதுவியுங்கோ. பிள்ளையின்ர கையில நான் ஒரு சாமான் குடுப்பன். அது என்னெண்டு பிள்ளை எழுதட்டும்."

சனம் முணுமுணுத்தது. சாமியின் முகத்தில் கோபம் இல்லை. புன்சிரிப்பு இருந்தது. படிக்கப் போகிற பாடம் முன்கூட்டியே தெரிந்த மாணவனின் புன்சிரிப்பு.

"சோதனை கேட்கிறாள் தாய். ஆகட்டும்," என்றார்.

"கட்டுங்கோ சாமி! இண்டைக்கு நம்பாத ஊரே வாயடைச்சுப் போகட்டும்!" என்று கூவிக்கொண்டு வந்த சறோஜினிதேவி தன் கையாலேயே ஒரு வெள்ளைத் துணியை மூன்று மடிப்பாக மடித்துச் சாமியின் கண்ணில் கட்டினாள். பக்தி அவ்வளவு. ஒரு நூல் வெளிச்சமும் உள்ளே போகவில்லை.

சத்தியபாமா ஒரு இறாத்தல் படியை எடுத்துச் சனத்துக்குத் தூக்கிக் காட்டினாள். வாயில் விரலை வைத்துச் சைகை செய்தாள். பிறகு அதை மகளின் இடது கையில் கொடுத்தாள். பிள்ளை அதை உடனே வரிசைக்குக் கொண்டுபோகப் பார்த்தாள். அதற்குள் சாமி அவளுடைய வலது சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டார்.

பின்கதவால் எட்டிப் பார்த்த அரியநாயகம் படியைக் கண்டார். இருமினார். சாமி தலையை மெல்ல ஆட்டினார். அரியநாயகம் மறுபடியும் இருமினார், நெஞ்சு கிழிகிற மாதிரி.

"இருமாதையுங்கோ! சாமியின்ர தியானம் கலைஞ்சுபோம்!" என்று சறோஜினிதேவி சீறினாள்.

சாமிக்கு இருமல் உற்சாகம் கொடுத்தது. விரலைப் பிடித்து, தாம்பாளத்தின் நடுவில், பெரிதாக, சுழித்து, ஓர் எழுத்து எழுதினார். 'தோ'. கண் கட்டியிருந்ததால் அது தாம்பாளத்தின் விளிம்பு வரை போய்விட்டது. அடுத்த எழுத்துக்குக் கை ஓங்கியபோதுதான் நாகபூசணிக்குப் பொறுமை போனது. கையில் படி இருக்கிறது, வரிசையில் இடம் இருக்கிறது, நடுவில் இந்தத் தாடிக்காரருக்கு என்ன வேலை? வியர்த்திருந்த விரலை ஒரு இழுவையில் உருவிக்கொண்டு வாங்கின் மற்றக் கரைக்குப் போய்விட்டாள். சாமியின் கை போன வேகத்தில் நிற்கவில்லை. பிள்ளையின் விரல் இல்லாமலே, பிள்ளையே இல்லாமலே, தாம்பாளத்துக்கு வெளியே சிந்திய அரிசியில் 'டு' என்று எழுதி முடித்தது.

நாகபூசணி படியை அதன் இடத்தில் வைத்தாள். இரண்டு கையையும் உதறிச் சந்தோசப்பட்டாள்.

"தோடு!" என்று சாமி முழங்கினார். "பாட்டியின் தோடு! பிள்ளை கண்டு சொன்னது!"

வாசலில் நின்ற நடராசா முதலில் சிரித்தார். பிறகு ஒரு மூலையில், பிறகு இன்னொரு மூலையில். சாமி துணியைப் பிய்த்து எறிந்தார். எதிரில் தோடும் இல்லை, பிள்ளையும் இல்லை. அரிசியும் தானும்தான்.

"பிள்ளை விளையாடுகிறது," என்றார் முதலில்.

நடராசா இன்னும் பலமாகச் சிரித்தார்.

"பித்தளை பட்டால் அரிசி தீட்டு," என்றார் பிறகு.

"தாம்பாளமும் பித்தளைதானே சாமி?" என்றது ஒரு குரல்.

"நம்பிக்கையில்லாத தாய் பக்கத்தில் நின்றால் அரிசி பிழை விடும்!"

"அரிசி ஒரு பிழையும் விடேல்லை," என்றாள் சத்தியபாமா. "நேற்று லோஞ்சில உங்கட அரியநாயகத்தாருக்கு நான் தோடு எண்டு சொன்னனான். அது அப்பிடியே அரிசியில வந்திருக்கு. இஞ்ச இத்தினை பிள்ளையள் இருக்கினம். எழுதிறது அவையளெண்டா, கையை எடுங்கோ சாமி. தாங்களா எழுதட்டும்."

தாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். லோஞ்சில் வெற்றிலை கொடுத்த அன்பான மனிதர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தார். அவர் பின்கதவால் எப்போதோ போயிருந்தார். பாவம், இருமல்காரர்.

நடராசா உள்ளே வந்து குனிந்து அந்தத் 'தோ'வைப் பார்த்தார். தலையைச் சரித்துப் பார்த்தார்.

"இந்தச் சுழியை எனக்குத் தெரியும்," என்றார். "என்ர வள்ளத்துக்குச் 'சந்தோசம்' எண்டு பேர். ஊர்காவற்றுறையில வைச்சு எழுதுவிச்சனான். அதில இருக்கிற 'தோ' இதேதான். டேய் கதிர்காமு! தாடிக்குள்ள நீயேடா? எனக்கு வள்ளத்தின்ர பின்பக்கம் எழுதாமல் விட்டிட்டெல்லோ ஓடினனி!"

பெயர்ப்பலகை எழுதுகிற கதிர்காமு எழும்பி ஓடப் பார்த்தார். அதற்குள் முற்பிறவி மந்திரி வாங்கில் ஏறிவிட்டான். அவனுக்கு இந்த அரசியல் ஒன்றும் விளங்கவில்லை. முன்னால் ஒரு தாம்பாளம் அரிசி இருக்கிறது, அவ்வளவுதான். அள்ளிச் சாமியின் தலையில் கொட்டினான். அரிசி சரசரவென்று தாடியில் இறங்கிய சத்தம் பிடித்துப்போய், இன்னும் ஒரு கை அள்ளிக் கொட்டினான். பிறகு, போகிற போக்கில், கடித்தும் விட்டான். சறோஜினிதேவி அன்றைக்கு முதல்தடவையாக மகனைத் தடுக்கவில்லை. மூன்று மடிப்புத் துணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

சனம் கலைந்தது. கலைகிறபோதே, காரைநகர்ப் பக்கம் ஒருவர் முட்டையில் பார்த்துச் சொல்கிறாராம் என்று யாரோ யாருக்கோ சொன்னார்கள். அவர்களை என்ன செய்வது?

செல்வரத்தினம் மட்டும் வாங்கடியில் குந்தியிருந்தார். உடுப்புப் பை மடியில் இருந்தது.

"அப்ப அப்பா எண்டு எழுதினது?" என்றார்.

"கதிர்காமு," என்றாள் சத்தியபாமா. பொய் சொல்ல மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்தாள். "எனக்கு அம்மா எண்டு எழுதினதும் அவர்தான்."

அவர் தலையைக் குனிந்தார். சனம் சாமியைத் தள்ளிக்கொண்டு போன அமளியில் கால் இறாத்தல் படி, எல்லாவற்றிலும் சின்னது, உருண்டு வாங்கின் அடியில் மூலைக்குப் போய்விட்டிருந்தது. நாகபூசணி குனிந்து பார்த்தாள். கையை விட்டுப் பார்த்தாள். எட்டவில்லை. வழக்கம்போல் தாயிடம் வந்தாள். தாய் இரண்டு கையையும் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

பிள்ளை கொஞ்ச நேரம் நின்றாள். கத்துவாள் என்று இருவரும் பயந்தார்கள். கத்தவில்லை. பக்கத்தில் தொங்கிய இன்னொரு கையைக் கண்டாள். செல்வரத்தினத்தின் வலது கை. அதன் பெருவிரலைப் பிடித்து இழுத்தாள். வாங்கின் அடிக்குள்ளே, மூலைக்கு, இழுத்துக்கொண்டு போனாள். முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. அப்பா, அதை எடுத்துத் தாருங்கோ என்று இதைவிடத் தெளிவாக அரிசியில் எழுத முடியுமா?

செல்வரத்தினம் மண்ணில் படுத்துக் கையை நீட்டினார். படி கிடைத்தது. எழும்ப அவருக்குக் கனநேரம் எடுத்தது. எழும்பியபோது முகமெல்லாம் தூசியும் கண்ணீருமாக இருந்தது. பிள்ளை படியை வாங்கிக்கொண்டு போய் வரிசையின் நுனியில் வைத்தாள்.

"பள்ளிக்கூடத்துக்கு எத்தினை மணி பஸ்?" என்று கேட்டார்.

விடுமுறை முடிந்த மறுநாள் காலை யாழ்ப்பாண பஸ்ஸில் நாகபூசணி படிப்பெட்டியோடு ஏறினாள். உடுப்புப் பையைத் தகப்பன் தூக்கிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் சறோஜினிதேவியும் மகனும் இருந்தார்கள். கொண்டக்டரின் புறங்கையில் புதுப் பல்லடையாளம் தெரிந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த தை பிறந்தபோது நாகபூசணி குடத்தின் படத்தைக் காட்டித் தண்ணீர் கேட்கப் பழகியிருந்தாள். பேச்சு இன்னும் வரவில்லை. வரலாம், வராமலும் விடலாம். ரீச்சர் சொன்னது அப்படியே இருக்கிறது. அவர் பெருவிரல் வைத்து நிறுக்கிறவர் இல்லை.

செல்வரத்தினம் மடத்துவெளியில் மறுபடியும் ஒரு சின்னக் கடை போட்டார். தராசைத் தூக்கும்போது வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார். ஆனாலும் எங்களுடைய சனம் சும்மா விடுமா? கால் கிலோ சீனி வாங்க வந்தாலும், தராசு முள்ளைக் கூர்ந்து பார்த்து, "முதலாளி, கையை எடுங்கோ" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறார்கள். நல்ல பழக்கம். சீனிக்குக் கேட்கத் தெரிந்த இந்தக் கேள்வியைப் பெற்ற பிள்ளைக்காகவும் ஒருமுறை கேட்டால் என்ன, குறைந்தா போய்விடுவோம்?